நிரல் எழுதாமல் தொடர்புப் படிவம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையதளத்தில் தொடர்புப் படிவம் ஒன்றைச் சேர்க்க இன்று நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வேர்ட்பிரஸ் தளமாக இருந்தால் கான்டாக்ட் ஃபார்ம் 7, டபிள்யூபிஃபார்ம்ஸ் போன்ற பிளகின் (தளத்தோடு கூடுதலாக இணைக்கும் துணைச்செயலி) ஒன்றை நிறுவினால் போதும். விக்ஸ் போன்ற, தளம் அமைக்க உதவும் சேவைகளில் படிவம் கூடவே வருகிறது. இவை எதுவும் பொருந்தாவிட்டால், கூகுள் ஃபார்ம்ஸில் படிவத்தை உருவாக்கி, அது தரும் நிரல் துணுக்கை நகலெடுத்துப் பக்கத்தில் ஒட்டிவிடலாம். இவ்வளவு எளிதாக இருப்பதாலேயே, படிவம் திரையில் தோன்றியதும் வேலை முடிந்துவிட்டது என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். மற்ற தவறுகளில் பெரும்பாலானவை இந்த எண்ணத்திலிருந்தே கிளைக்கின்றன.

படிவத்துக்கு இரண்டு வேலைகள் உண்டு: வருபவர் எழுதுவதை வாங்கிக்கொள்வது ஒன்று, அதை உரியவரிடம் சேர்ப்பது மற்றொன்று. முதல் வேலை கண்ணுக்குத் தெரியும், இரண்டாவது தெரியாது. செய்தி வழியில் தொலைந்துபோனாலும், திரையில் ‘நன்றி, உங்கள் செய்தி அனுப்பப்பட்டது’ என்ற வரி வந்துவிடும். ஏனெனில் அந்த வரி, மின்னஞ்சலை அனுப்பும் பொறுப்பைத் தளத்தின் சர்வர் ஏற்றுக்கொண்டது என்பதை மட்டுமே சொல்கிறது. உங்கள் இன்பாக்ஸுக்கு வந்து சேர்ந்ததா என்பதை அது அறியாது. இதன் விளைவாக, எழுதியவர் உங்களைப் பதில் சொல்லக்கூட மனமில்லாதவர் என்று முடிவுகட்டுகிறார். நீங்களோ, தளத்தைப் பார்த்து யாரும் விசாரிக்கவே இல்லை என்று நினைத்துக்கொள்கிறீர்கள்.

அனுப்புநர் முகவரியில் நேரும் பிழை

செய்திகள் தொலைவதற்கு மிகப் பொதுவான காரணம் அனுப்புநர் முகவரியைத் தவறாக அமைப்பதுதான். படிவத்தின் மின்னஞ்சல் அமைப்பில் ‘ஃப்ரம்’ என்றொரு இடம் இருக்கும். படிவத்தை நிரப்புபவரின் முகவரியையே அங்கே இட்டுவிட்டால், வரும் அஞ்சலுக்கு நேராகப் பதில் எழுதிவிடலாமே என்று தோன்றும். நியாயமான ஆசைதான், ஆனால் இது வேறொருவரின் லெட்டர்ஹெட்டில் நாம் கடிதம் எழுதுவதற்கு ஒப்பானது. நிரப்பியவரின் முகவரி யாஹூவைச் சேர்ந்தது என்றால், அஞ்சல் யாஹூவிலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்ளும். உண்மையில் அது புறப்பட்டது உங்கள் தளத்துக்கு இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வரிலிருந்து. தன் பெயரில் வரும் இத்தகைய அஞ்சல்களை ஏற்க வேண்டாம் என்று யாஹூ 2014ஆம் ஆண்டிலிருந்தே பிற அஞ்சல் சேவைகளுக்கு அறிவித்து வருகிறது. ஆகவே அந்த அஞ்சல் ஸ்பேம் பெட்டிக்குக்கூடப் போகாமல் வாசலிலேயே திருப்பப்படலாம்.

இதைத் தீர்மானிப்பவை மூன்று ஏற்பாடுகள். எந்தெந்த சர்வர்கள் ஒரு டொமைனின் (தளத்தின் இணைய முகவரியின்) பெயரில் அஞ்சல் அனுப்பலாம் என்ற பட்டியல் எஸ்பிஎஃப். அஞ்சல் வழியில் மாற்றப்படவில்லை என்பதற்கான மின்னணுக் கையொப்பம் டிகேஐஎம். இவ்விரண்டும் பொருந்தாதபோது என்ன செய்ய வேண்டும் என்று டொமைன் உரிமையாளர் விடுக்கும் அறிவிப்பு டிமார்க். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இவ்விதிகளைக் கடுமையாக்கின. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 அஞ்சல்களுக்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றும் கட்டாயம். மற்றவர்களுக்கு முதல் இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். சிறிய கடையின் தளம் முதல் வகையில் வராது என்றாலும் இரண்டாவது வகையிலிருந்து தப்ப முடியாது.

சரியான முறை இதுதான்: அனுப்புநர் முகவரி உங்கள் டொமைனைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும், படிவத்தை நிரப்புபவரின் முகவரி ‘ரிப்ளை-டு’ என்ற இடத்தில் வர வேண்டும். இப்படி அமைத்தால், பதில் எழுதும் பொத்தானை அழுத்தும்போது அவருடைய முகவரியே வரும். கான்டாக்ட் ஃபார்ம் 7 பிளகினில் அனுப்புநர் முகவரி தளத்தின் டொமைனைச் சேராததாக இருந்தால், அது எச்சரிக்கை ஒன்றைக் காட்டுகிறது. படிவம்தான் வேலை செய்கிறதே என்று அதைக் கடந்துபோகிறவர்களே அதிகம்.

முகவரியைத் திருத்திய பின்னும் ஒரு குறை எஞ்சக்கூடும். வேர்ட்பிரஸ் இயல்பாகச் சர்வரில் இயங்கும் பிஎச்பி என்ற நிரல்மொழி வழியாகவே அஞ்சலை அனுப்புகிறது. பலர் ஒன்றாகப் பயன்படுத்தும் மலிவான ஹோஸ்டிங்கில், பக்கத்துத் தளம் ஒன்று ஸ்பேம் அனுப்பினால் அந்தச் சர்வருக்கு ஏற்படும் கெட்ட பெயர் உங்கள் அஞ்சலையும் பாதிக்கும். எஸ்எம்டிபி (அஞ்சல் அனுப்புவதற்கான பொது நெறிமுறை) பிளகின் ஒன்றை நிறுவி, உண்மையான அஞ்சல் கணக்கு வழியாக அனுப்பச் செய்வதே இதற்குத் தீர்வு. ஜிமெயில் கணக்கை இதற்குப் பயன்படுத்துவோர், தங்கள் வழக்கமான கடவுச்சொல்லை இட்டுப் பார்த்து, வேலை செய்யவில்லை என்று சலித்துக்கொள்வதுண்டு. அங்கே இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, அதன்பின் செயலிக்கென்று தனியாக ஒரு கடவுச்சொல்லை உருவாக்கித்தான் இட வேண்டும்.

டொமைனின் அமைப்பில் எஸ்பிஎஃப் பதிவைச் சேர்க்கும்போது நேரும் பிழை ஒன்று தேடினாலும் எளிதில் அகப்படாதது. ஹோஸ்டிங் நிறுவனம் ஒரு எஸ்பிஎஃப் வரியைத் தரும். அஞ்சல் சேவை வேறொன்றைத் தரும். இரண்டையும் தனித்தனிப் பதிவுகளாகச் சேர்த்துவிட்டால், இரட்டைப் பாதுகாப்பு கிடைக்காது. இரண்டுமே செல்லாதவை ஆகிவிடும். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம் என்பது விதி. எனவே இரண்டு சேவைகளின் பெயர்களையும் ஒரே வரிக்குள் கொண்டுவர வேண்டும்.

செய்திக்குப் பிரதி வைக்காதிருத்தல்

அஞ்சல் எவ்வளவு ஒழுங்காக அமைந்தாலும் என்றாவது தவறும். அப்போது செய்தியின் பிரதி வேறெங்காவது இருந்தால்தான் மீட்க முடியும். கான்டாக்ட் ஃபார்ம் 7 தானாக எந்தச் செய்தியையும் சேமிப்பதில்லை. அஞ்சல் தொலைந்தால் எல்லாம் போயிற்று. அதை உருவாக்கியவரே வெளியிட்டுள்ள ஃப்ளமிங்கோ என்ற துணைப் பிளகினை நிறுவினால், செய்திகள் தளத்தின் தரவுத்தளத்திலும் பதிவாகும். இது இலவசம். பொத்தான் ஒன்றை அழுத்தும் வேலையைத் தள்ளிப்போடுவதற்கு நியாயமே இல்லை.

கூகுள் ஃபார்ம்ஸில் நிலைமை இதற்கு நேர்மாறானது. அங்கே பதில்கள் பத்திரமாகச் சேரும். ஆனால் வந்திருக்கிறது என்று யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். பதில்கள் பகுதியில் உள்ள மூன்று புள்ளி மெனுவுக்குள் சென்று, புதிய பதில்களுக்கு மின்னஞ்சல் அறிவிப்பு வேண்டும் என்று நீங்களே இயக்க வேண்டும்.

படிவத்தை நடத்தித் தரும் வெளிச்சேவைகளின் இலவசத் திட்டங்களுக்கு வரம்பு உண்டு என்பதையும் கவனிக்க வேண்டும். திருமண மண்டபம் நடத்துபவருக்கு ஆண்டின் பல மாதங்களுக்குப் போதுமான வரம்பு, முகூர்த்த நாட்கள் நிறைந்த தை மாதத்தில் பாதியிலேயே தீர்ந்துவிடலாம். விசாரணைகள் குவியும் நேரத்தில்தான் படிவம் மூடப்படும்.

கூகுள் ஃபார்ம்ஸில் மட்டும் நேரும் சில பிழைகள்

அலுவலகம் அல்லது கல்லூரி தந்த கணக்கில் படிவத்தை உருவாக்கினால், அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் மட்டுமே அதைத் திறக்கும்படி அமைந்துவிடக்கூடும். உருவாக்கியவர் அதே கணக்கில் உள்நுழைந்திருப்பதால் அவருக்கு மட்டும் எல்லாம் சரியாகத் தெரியும். கோப்பு பதிவேற்றும் கேள்வியைச் சேர்த்தாலும், ஒருவருக்கு ஒரு பதில் என்று கட்டுப்படுத்தினாலும், நிரப்புபவர் கூகுள் கணக்கில் உள்நுழைய வேண்டியிருக்கும். விலை கேட்க வந்தவரிடம் முதலில் உள்நுழையச் சொன்னால் அவர் திரும்பிப் போய்விடுவார்.

இவற்றைவிட ஆபத்தானது, முடிவுகளின் தொகுப்பை நிரப்புபவர்களுக்கும் காட்டும் தெரிவு. கருத்துக்கணிப்புக்கு உதவும் இந்த வசதியைத் தொடர்புப் படிவத்தில் இயக்கிவிட்டால், ஒருவர் எழுதிய பெயரும் தொலைபேசி எண்ணும் அடுத்து வருபவரின் பார்வைக்குப் போய்விடும். நிரப்புவதற்கான இணைப்புக்குப் பதிலாகத் திருத்துவதற்கான இணைப்பை, அதுவும் இணைப்பு வைத்திருக்கும் எவரும் திருத்தலாம் என்ற அனுமதியோடு பகிர்வதும் இதே வகையைச் சேர்ந்த பிழையே.

பக்கத்தில் ஒட்டுவதற்காக கூகுள் தரும் துணுக்கில் அகலம் 640 என்று இருக்கும். கைபேசித் திரையில் இது வலப்பக்கம் வெட்டுப்படும். அந்த எண்ணை மட்டும் 100% என்று மாற்றினால் படிவம் திரைக்கேற்பச் சுருங்கிக்கொள்ளும்.

என்ன கேட்பது, எப்படிக் கேட்பது

ஆயத்த வார்ப்புருக்கள் பெரும்பாலும் அமெரிக்க வழக்கத்தை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்டவை. முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரு கட்டங்களை வைத்து இரண்டையும் கட்டாயமாக்கினால், தலைப்பெழுத்தோடு ஒரே பெயரைக் கொண்ட நம்மவர் எதை எங்கே எழுதுவது என்று தடுமாறுவார். கடைசிப்பெயர் கட்டத்தில் ஒற்றை எழுத்தை இட்டால் சில படிவங்கள் அதையும் ஏற்பதில்லை. ‘பெயர்’ என்ற ஒரே கட்டம் போதும். அதில் ஆங்கில எழுத்துகள் மட்டுமே செல்லும் என்ற விதி இருந்தால் எடுத்துவிடுங்கள். தமிழில் பெயர் எழுதுபவரைப் பிழை என்று திருப்பி அனுப்பும் தமிழ்த் தளம் வைத்திருப்பது அழகல்ல. தொலைபேசிக் கட்டமும் அமெரிக்க அமைப்பில் இருக்கக்கூடும். இந்தியக் கைபேசி எண்ணுக்கு 10 இலக்கங்கள், சிங்கப்பூர் எண்ணுக்கு 8. வெளிநாட்டிலிருந்தும் விசாரணை வரக்கூடிய தளமானால் இலக்க எண்ணிக்கையைக் கட்டாயப்படுத்தாமல் விடுவதே நல்லது.

மின்னஞ்சலைக் கட்டாயமாக்கித் தொலைபேசியை விருப்பத்துக்கு விடுவதும் இத்தகைய வார்ப்புருக்களின் வழக்கமே. நம் ஊர்ச் சிறு தொழில்களுக்கு இதைத் தலைகீழாக மாற்றுவதே பொருத்தம் என்பது என் கருத்து. மின்னஞ்சலை வாரத்துக்கு ஒரு முறை திறப்பவர்கூட அழைப்பை உடனே எடுப்பார். பிறந்த தேதி, முழு முகவரி போன்றவற்றை முதல் விசாரணையிலேயே கேட்க வேண்டிய தேவை அநேகமாக இருப்பதில்லை. கட்டத்தின் பெயரைக் கட்டத்துக்குள்ளேயே மங்கலாக எழுதிவைப்பதையும் தவிர்க்க வேண்டும். தட்டச்சு செய்யத் தொடங்கியதும் அது மறைந்துவிடுவதால், எந்தக் கட்டம் எதற்கென்று முதியவர்கள் குழம்புகிறார்கள்.

கேட்கும் விவரங்களுக்குச் சட்டப் பொறுப்பும் உண்டு. இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் எண்ம முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் தனிநபர் விவரங்களைக் கையாள்வதற்கென்றே இயற்றப்பட்டவை. விவரம் எதற்காகப் பெறப்படுகிறது என்பதைப் படிவத்தின் அருகிலேயே ஓரிரு வரிகளில் எழுதிவிடுங்கள். விளம்பரச் செய்திகளுக்கான ஒப்புதல் பெட்டியில் முன்கூட்டியே டிக் இட்டுவைக்காதீர்கள். இந்தியச் சட்டம் கேட்பது சம்பந்தப்பட்டவரே தெளிவாகச் செய்யும் செயலின் வழியான ஒப்புதலை.

ஸ்பேமைத் தடுப்பதில் இருபக்கத் தவறு

தடுப்பே இல்லாத படிவத்தைத் தானியங்கி நிரல்கள் வெகு விரைவில் கண்டுபிடித்துவிடும். பயந்துபோய், படங்களில் போக்குவரத்து விளக்கைத் தேடச் சொல்லும் சோதனையை வைத்தால், உண்மையான வாடிக்கையாளரே முதலில் சலித்துப்போவார். மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தை வைத்து, அதை நிரப்பும் தானியங்கியைப் பிடிக்கும் ஹனிபாட் முறையிலிருந்து தொடங்குவதே நல்லது. அது போதாவிட்டால் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் டர்ன்ஸ்டைல் போன்ற, பெரும்பாலும் புதிர் போடாத சோதனைக்குப் போகலாம். கூகுளின் ரீகேப்ட்சா சோதனையின் மூன்றாம் பதிப்பும் புதிர் கேட்பதில்லை. அது 0 முதல் 1 வரை மதிப்பெண் மட்டுமே இடுகிறது. ஆயினும், குறைந்த மதிப்பெண் பெற்ற உண்மையான மனிதருக்குத் தன்னை நிரூபிக்க அங்கே வாய்ப்பில்லை. ஆகவே அதைப் பயன்படுத்துவோர் ஸ்பேம் என்று ஒதுக்கப்பட்டவற்றை அவ்வப்போது பார்த்தாக வேண்டும்.

தானியங்கிப் பதில் அஞ்சலையும் அளவோடு வைக்க வேண்டும். நிரப்பியவரின் செய்தியை முழுவதுமாக அந்தப் பதிலில் சேர்த்தால், மோசடிக்காரர் பிறருடைய முகவரியைப் படிவத்தில் இட்டு, தம் விளம்பரத்தை உங்கள் டொமைனின் பெயரிலேயே அவர்களுக்கு அனுப்பவைப்பார். பிறகு உங்கள் டொமைனே ஸ்பேம் பட்டியலில் ஏறும்.

பிளகினைப் புதுப்பிக்காமல் விடுவதும் இதே அளவு கேடானது. கோப்பு பதிவேற்றத்தில் இருந்த பாதுகாப்புக் குறை ஒன்றைத் திருத்தி, கான்டாக்ட் ஃபார்ம் 7 பிளகின் 2020 டிசம்பரில் 5.3.2 பதிப்பை வெளியிட்டது. அப்போது அதைப் பயன்படுத்திய தளங்கள் 50 லட்சத்துக்கும் மேல். கோப்பு பெறும் தேவை இல்லையென்றால் அந்தக் கட்டத்தையே நீக்கிவிடுங்கள்.

சோதிக்கும் முறை

தளத்தில் நிர்வாகியாக உள்நுழைந்திருக்கும்போதே சோதித்துப் பார்ப்பது சோதனையே ஆகாது. கைபேசியில், வைஃபையை அணைத்துவிட்டு, மறைநிலை (இன்காக்னிட்டோ) சாளரத்தில், உங்களுடையதல்லாத ஒரு முகவரியை இட்டு அனுப்பிப் பாருங்கள். வந்த அஞ்சலுக்குப் பதில் எழுதி, அது உரியவருக்குப் போகிறதா என்றும் பாருங்கள். வேகத்துக்காக, பக்கத்தின் நகலைச் சேமித்துவைத்துக் காட்டும் கேஷ் பிளகின் வைத்திருப்பவர்கள் மறுநாளும் ஒரு முறை சோதிக்க வேண்டும். வேர்ட்பிரஸ் தரும் பாதுகாப்புக் குறி இயல்பாக 24 மணி நேரத்துக்கு மேல் செல்லாது என்பதால், பழைய பக்கமே மீண்டும் மீண்டும் காட்டப்படும் தளத்தில் முதல் நாள் வேலை செய்த சில படிவங்கள் மறுநாள் மறுத்துவிடும். ஹோஸ்டிங் மாறும்போதும், அஞ்சல் கணக்கின் கடவுச்சொல் மாறும்போதும் இதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். படிவத்தின் பக்கத்திலேயே தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சல் முகவரியையும் எழுதிவைத்திருந்தால், படிவம் பழுதாகியிருப்பதை உங்களுக்குச் சொல்ல நினைப்பவருக்கும் ஒரு வழி இருக்கும்.