வரி விகிதத்தை நிரலுக்கு வெளியே வையுங்கள்

பில் போடும் மென்பொருளில் வரி விகிதத்தை நிரலுக்குள்ளேயே எழுதிவைக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 அன்று இந்தியாவில் ஜிஎஸ்டி அடுக்குகள் மாறியபோது, ஆயத்த ஆடைகளுக்கு விகிதம் மட்டுமல்லாமல் விலை வரம்பும் மாறியது. அதுவரை ஓர் உருப்படிக்கு 1,000 ரூபாய் வரை 5 சதவீதமும் அதற்கு மேல் 12 சதவீதமும் வரியாக இருந்தது. அன்று முதல் 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம் என்றானது.

எச்எஸ்என் குறியீடு (பொருளை வகைப்படுத்தும் எண்), விலை வரம்பு, விகிதம், அமலுக்கு வரும் நாள், முடியும் நாள் ஆகியவற்றைத் தரவுத்தளத்தில் தனி அட்டவணையாக வைத்து, விற்பனை நாளுக்குப் பொருந்தும் வரிசையை மட்டும் நிரல் தேடி எடுக்குமாறு அமைத்தால், அடுத்த மாற்றத்தைக் கணக்குப் பிரிவினரே முன்கூட்டிப் பதிவுசெய்துவிடலாம். பழைய வரிசையின் முடியும் நாளைக் குறிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதன் விகிதத்தைத் திருத்தவோ வரிசையை அழிக்கவோ கூடாது. மாற்றத்துக்கு முன் விற்ற சட்டை பின்னர் திரும்பி வந்தால், கிரெடிட் நோட்டில் (திரும்பிய பொருளுக்கான தொகையை வாடிக்கையாளர் கணக்கில் குறைத்துத் தரும் சீட்டில்) பழைய விகிதமே இடம்பெற வேண்டும் அல்லவா? பொருந்தும் வரிசை கிடைக்காதபோது மென்பொருள் வரியைப் பூஜ்யம் என்று ஊகிக்காமல், பில்லை நிறுத்திப் பிழையைக் காட்ட வேண்டும். விதியைச் சேர்த்த உடனே 2,500, 2,501 ஆகிய இரு விலைகளிலும் சோதனை பில் போட்டுப் பாருங்கள்.