ஜெலி இனிப்பு கடல்தண்ணியில் ஏன் சுருங்கவில்லை?

உப்புவெளியிலிருந்து என்னிடம் படிக்க வரும் பையன் ஒருவன் போத்தல் நிறையக் கடல்தண்ணி கொண்டுவந்தான். "உப்புத் தண்ணியில் போட்டால் சுருங்கும்" என்று முதல்நாள் நான் சொல்லியிருந்தேன். ஜெலி இனிப்பு ஒன்றைப் போட்டு வைத்தோம். மறுநாள் பார்த்தால் அது ஊதிக் கிடக்கிறது. "இது ஏன் சுருங்கல்ல, டீச்சர்?"

பிழை என்னுடையதுதான். பிரசாரணத்தை, அதாவது கரைந்த பொருள் கூடிய பக்கத்துக்கு நீர் மென்சவ்வினூடாகப் போவதை, படிப்பிக்கும்போது பலரும் விடும் முதல் தவறும் இதுதான்: உப்பு என்றால் சுருக்கும் என்று விதி போட்டுவிடுகிறோம். நீர் எந்தப் பக்கம் போகும் என்பது இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டால்தான் தெரியும். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. ஜெலி இனிப்பிலோ பெரும்பகுதி சீனியும் பாணியும். செறிவு கூடியது இனிப்பு. அதனால் நீர் அதற்குள் போகிறது. அதே கடல்தண்ணியில் உருளைக்கிழங்குத் துண்டு போட்டால் துவண்டுவிடும், ஏனென்றால் கிழங்கின் கலச்சாறு கடல்நீரைவிட ஐதானது. இரண்டையும் அருகருகே வைத்தால் பிள்ளை தானாகவே கேள்வி கேட்கும்.

"செறிவு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு" என்று பாடமாக்க விடுவதும் ஆபத்து. எதன் செறிவு? கரைந்திருக்கும் பொருளின் செறிவைச் சொன்னால் நீரின் போக்கு தலைகீழ். நீர் மூலக்கூறுகள் இரு பக்கமும் போய்வருகின்றன, ஒரு பக்கம் கூடுதலாகப் போகிறது என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது.

தட்டில் வண்ண இனிப்புகளை வட்டமாக அடுக்கித் தண்ணி ஊற்றினால் நிறங்கள் நடுவை நோக்கி ஓடும். அழகுதான், ஆனால் பிரசாரணம் இல்லை. அங்கே நடப்பது கரைதலும் பரவலும்.

வெக்கையை மறக்காதீர்கள். ஜெலற்றின் 35 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும். கச்சான் காற்று அடிக்கும் நாளில் மேசையில் வைத்தால் விடியும்போது கிடைப்பது கூழ். பிரிட்ஜில் வையுங்கள். மாப்பொருளில் செய்த இனிப்பு கரைந்து உதிர்ந்துவிடும், ஆகவே உறையில் ஜெலற்றின் என்று இருக்கிறதா எனப் பாருங்கள். அது விலங்கிலிருந்து எடுப்பது. ஹலால் பார்க்கும் வீடும் சைவ வீடும் உள்ள வகுப்பில் இதை முதலே சொல்லிவிடுவது மரியாதை. வேண்டாம் என்பவர்களுக்குப் பிளம்ஸ் இருக்கிறது. வட்டிலப்பத்துக்குப் போடும் அதே முந்திரிகை வற்றல், தண்ணியில் போட்டால் உப்பும்.

இன்னொன்றை ஒளிக்கக் கூடாது. ஜெலி இனிப்பில் மென்சவ்வு கிடையாது. ஜெலற்றின் வலைபோல நின்று நீரைப் பிடித்துவைக்கிறது, ஆனால் சீனியும் நிறமும் கொஞ்சம் வெளியே கசியும். மறுநாள் தண்ணி நிறம் மாறியிருப்பதே சாட்சி. ஆகவே அது ஒரு மாதிரி மட்டும். உண்மையான சவ்வைக் காட்ட முட்டை எடுங்கள். வினாகிரியில் ஓரிரு நாள் கிடந்தால் ஓடு கரைந்து சவ்வு மிஞ்சும். அதைச் சீனிப்பாணியில் போட்டால் சுருங்கும், பிறகு தண்ணியில் போட்டால் திரும்ப உப்பும். பச்சை முட்டை, கையைக் கழுவ வையுங்கள்.

அளக்காமல் தொடங்குவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: போடுமுன் இனிப்பைச் சதுரக்கோட்டுக் கொப்பியில் வைத்துச் சுற்றிவர வரையுங்கள், ஒன்றைத் தண்ணியில் போடாமல் தனியே வையுங்கள். (அந்த ஒன்றை எறும்பு தூக்கிக்கொண்டு போகும். மூடி வையுங்கள்.)

பையன் விடவில்லை. "அப்ப கருவாட்டுக்கு ஏன் கடல்தண்ணி ஊத்தாம உப்பு அள்ளிப் போடுறாங்க?" இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார் என்றேன். அள்ளிப் போட்ட உப்பு மீனின் ஈரத்திலேயே கரைகிறது. இனிக் கரையாது என்ற அளவுக்கு வந்தால் அந்தக் கரைசல் கடல்நீரைவிட ஏறத்தாழ பத்து மடங்கு உப்பு. கொப்பியில் அம்புக்குறியை மீனிலிருந்து வெளியே போட்டுவிட்டு, "அந்த ஜெலியையும் இப்பிடி உப்புக்குள்ள புதைச்சுப் பார்ப்பமா?" என்று கேட்டான்.