பற்றீரியப் புரதச் சுரப்பு: ஆய்வுகூடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நுவரெலியாவில் வாடல் நோய் கண்ட உருளைக்கிழங்குச் செடியின் தண்டை வெட்டித் தெளிந்த நீரில் தொங்கவிட்டால், சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்நிற இழைகள் இறங்கும். ரல்ஸ்டோனியா சொலனேசியாரம் என்னும் பற்றீரியா அது. அது தன் புரதங்களைச் செடியின் கலங்களுக்குள் எவ்வாறு செலுத்துகிறது என ஆராய வருவோருக்குக் கண்டியில் நெடுங்காலமாகப் பயிற்சியளித்து வருகிறேன். சென்ற மாதம் அட்டனிலிருந்து வந்த மாணவி ஒருவர், “மிஸ், புரதம் வெளியே வந்துவிட்டது” என்று மகிழ்ச்சியோடு ஒரு படத்தை நீட்டினார். பல ஆண்டுகளுக்கு முன் நான் நீட்டிய அதே படம்! குழாய்களில் பெயரெழுத மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை முதல் வாரமே கற்றுத்தந்துவிடும்.

கசிவைச் சுரப்பு என்று எண்ணுதல்

இந்தப் பற்றீரியாவுக்கு இரண்டு மென்சவ்வுகள் உண்டு. அவ்விரண்டையும் ஊடுருவி நிற்கும் மூன்றாம் வகைச் சுரப்புத்தொகுதி, ஊசி போன்றதொரு குழாயின் வழியே புரதங்களை நேரே செடியின் கலத்துக்குள் அனுப்புகிறது. பற்றீரியா நீந்தப் பயன்படுத்தும் சவுக்குமுளையின் அடிப்பகுதியோடு உறவுடைய இவ்வகைப் பொறியின் உருவம், 1998 இல் சல்மொனெல்லாவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு இலத்திரன் நுணுக்குக்காட்டியில் காணப்பட்டது. ஆய்வுகூடத்தில் நாம் பார்ப்பதோ ஊசியை அன்று. வளர்ப்பை மையநீக்கியில் சுழற்றியபின் மேலே நிற்கும் திரவத்தில் புரதம் இருக்கிறதா என்பதையே பார்க்கிறோம். தொழிற்சாலையிலிருந்து லொறியில் ஏற்றி அனுப்பிய தேயிலையும், சாக்குக் கிழிந்து சிந்திய தேயிலையும் வீதியில் கிடக்கையில் ஒன்றுபோலவே இருக்கும். உடைந்த கலத்திலிருந்து ஒழுகிய புரதமும் அப்படித்தான்.

இரவு முழுவதும் வளர்த்த வளர்ப்பில் 50 மில்லிலீற்றரை எடுத்து, அதன் திரவத்திலிருந்த புரதம் அனைத்தையும் முக்குளோரோ அசெற்றிக் அமிலத்தால் வீழ்படிவாக்கி, புரதங்களைப் பருமன்படி பட்டைகளாகப் பிரித்துக்காட்டும் ஜெல்லின் ஒரே நிரலில் ஏற்றினேன். பக்கத்து நிரலில் அரை மில்லிலீற்றர் வளர்ப்பின் கலங்களை ஏற்றினேன். இரண்டு பட்டைகளும் ஒரே தடிப்பில் தெரிந்தபோது, பாதிப் புரதம் வெளியேறிவிட்டதாக எண்ணிக்கொண்டேன். நூறு கலங்களில் ஒன்று உடைந்தாலே அந்தப் படம் வந்துவிடும் என்ற எளிய கணக்கு எனக்குத் தோன்றவில்லை. பழைய வளர்ப்பில் அவ்வளவு உடைவதற்கு எந்தச் சிரமமும் இல்லை. எட்டு மாதங்கள் அந்தப் பட்டையின்மேல் கட்டடம் கட்டினேன். பிறகு ஒரு கருத்தரங்கில், பின்வரிசையில் இருந்த ஒருவர், “ஆர்என்ஏ பொலிமரேசு எங்கே?” என்று கேட்டார். கலத்தின் உள்ளிருக்கும் குழியவுருவை விட்டு ஒருபோதும் சுரக்கப்படாத அந்த நொதியத்தைத் தேடியபோது, அதுவும் என் திரவத்தில் தடித்த பட்டையாக நின்றது. அதை அடையாளங்காட்டும் பிறபொருளெதிரி அந்த எட்டு மாதங்களும் எங்கள் உறைநிலைப் பெட்டியின் மேல்தட்டிலேயே இருந்தது என்பதுதான் இன்றும் எனக்கு ஆறாத எரிச்சல்.

ஆகவே வளர்ப்பு இன்னும் விரைவாகப் பெருகிக்கொண்டிருக்கும்போதே அறுவடை செய்யுங்கள், திரவத்தை 0.22 மைக்ரோமீற்றர் வடியின் வழியே செலுத்துங்கள். கலங்களையும் திரவத்தையும் எத்தனை மில்லிலீற்றர் வளர்ப்புக்குச் சமமாக ஏற்றினீர்கள் என்பதைப் படத்தின் கீழேயே எழுதுங்கள். குழியவுருப் புரதமொன்றை அதே ஜெல்லில் காட்டுங்கள். சென்ற வாரத்து ஜெல்லைக் காட்டி என்னைச் சமாதானப்படுத்த முயலாதீர்கள். சுரப்புத்தொகுதிக்கு ஆற்றல் தரும் ஏரிபியேசு (ATPase) நொதியம் மரபணு மாற்றத்தால் பழுதடைந்த பற்றீரியாவை, அதாவது விகாரியையும் பக்கத்திலேயே வளர்த்து, அதில் உங்கள் பட்டை மறைகிறதா என்று பாருங்கள். மறையாவிட்டால், புரதம் கசிந்திருக்கலாம் அல்லது வேறொரு வழியில் வந்திருக்கலாம். எப்படியாயினும் அது உங்கள் ஊசியின் வேலையன்று.

பச்சை ஒளிர்புரதத்தை ஒட்டிவிடுதல்

தம் புரதம் போகுமிடம் ஒளிரும் என்ற ஆசையால் எல்லோரும் இதைச் செய்கிறார்கள். ஊசியின் உட்துவாரம் ஏறத்தாழ 2 நனோமீற்றர் அகலமே உடையது. புரதம் மடிப்பவிழ்ந்த இழையாகத்தான் அதில் நுழைய முடியும். பீப்பாய் போல இறுக மடிந்துகொள்ளும் பச்சை ஒளிர்புரதம் அவிழ மறுத்து, வாயிலிலேயே சிக்கிப் பின்னால் வருவனவற்றையும் மறிக்கிறது. இதற்குப் பதிலாக, கல்மொடுலின் என்னும் புரதம் இருந்தால் மட்டும் தொழிற்பட்டு, வட்ட ஏஎம்பி என்னும் சிறு மூலக்கூற்றை ஆக்கும் அடினைலேற்றுச் சைக்கிளேசு நொதியத்தின் துண்டை ஒட்டுங்கள். கல்மொடுலின் பற்றீரியாவில் இல்லை, செடியில் உண்டு என்பதால், வட்ட ஏஎம்பி உயர்ந்தால் புரதம் செடியின் கலத்துக்குள் போய்ச்சேர்ந்தது என்று துணிந்து சொல்லலாம்.

சமிக்ஞையைத் தவறான முனையில் தேடுதல்

உள்மென்சவ்வைக் கடக்கும் பொதுவழியான செக் வழியில் செல்லும் புரதத்தின் தொடக்கத்தில், வழிகாட்டியபின் வெட்டி நீக்கப்படும் சமிக்ஞைப் பெப்தைட்டு ஒன்று இருக்கும். கணினி அதைக் காட்டவில்லை என்பதற்காக ஒரு புரதத்தைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடாதீர்கள். மூன்றாம் வகையில் செல்வனவற்றின் சமிக்ஞை தொடக்கத்தில் இருந்தும் வெட்டப்படுவதில்லை. முதலாம் வகைச் சுரப்புத்தொகுதியில் செல்லும், ஈ. கோலை பற்றீரியாவின் ஹீமோலைசின் என்னும் நச்சுப்புரதத்துக்கோ அது வால்முனையில் இருக்கிறது.

செழிப்பான ஊடகம்

வேண்டாம், அதில் ரல்ஸ்டோனியாவின் ஊசிக்குரிய மரபணுக்கள் அடங்கிக் கிடக்கும், எளிய கனிம ஊடகத்தில்தான் எழும்.

குளிர்சாதனப் பெட்டி

ரல்ஸ்டோனியாவை அங்கே வைத்தால் மீண்டும் வளர்க்க முடியாத நிலைக்குப் போய்விடும். கிருமியழித்த நீரில், அறை வெப்பநிலையில் வையுங்கள்.