வில்சன் என்றால் எந்த வில்சன்? குறிப்பெடுக்க ஓர் எளிய வழி

பொது அறிவுப் போட்டிக்குப் படிப்பவர்களைக் குழப்பியே தீருவேன் என்று நிற்கும் ஆங்கிலக் குடும்பப் பெயர்களில் வில்சனும் ஒன்று. நோட்டில் ஒரு பக்கத்தை ஒதுக்குங்கள், பிரித்துவிடலாம்.

படி 1: முழுப் பெயரை எழுதுங்கள்

'ராபர்ட் வில்சன்' என்று மட்டும் எழுதினால் போதாது. ராபர்ட் உட்ரோ வில்சன், ஆர்னோ பென்சியாசுடன் சேர்ந்து பிரபஞ்ச நுண்ணலைப் பின்புலக் கதிர்வீச்சை, அதாவது பெருவெடிப்பின் மிச்சமாக விண்வெளி முழுதும் பரவிக் கிடக்கும் கதிர்வீச்சைக் கண்டுபிடித்தவர். 1978இல் இயற்பியல் நோபல். ராபர்ட் பட்லர் வில்சன், ஏலக் கோட்பாட்டுக்காக 2020இல் பொருளாதார நோபலை பால் மில்குரோமுடன் பகிர்ந்துகொண்டவர். மூன்றாமவர் ராபர்ட் ராத்பன் வில்சன், அமெரிக்காவின் துகள் இயற்பியல் ஆய்வகமான ஃபெர்மி ஆய்வகத்தின் முதல் இயக்குநர். இவருக்கு நோபல் கிடையாது. வினாக்களில் ஆள் மாறிப்போவது பெரும்பாலும் இந்த மூவரிடம்தான்.

படி 2: பக்கத்திலேயே வேலையைக் குறியுங்கள்

பிறந்த ஆண்டை வைத்துப் பிரித்துவிடலாம் என்று தோன்றும். நடக்காது. 1982இல் இயற்பியல் நோபல் பெற்ற கென்னத் வில்சனும், முன்பு சொன்ன ராபர்ட் உட்ரோவும் 1936இல் பிறந்தவர்கள், துறையும் ஒன்றே! அதனால் 'இயற்பியலாளர்' என்று எழுதி நிறுத்தாதீர்கள். காந்தம் சூடேறித் தன் காந்தத்தன்மையை இழப்பது போன்ற நிலைமாற்றங்களுக்குக் கோட்பாடு தந்தவர் கென்னத். இன்னொரு இயற்பியல் வில்சனும் உண்டு: சி.டி.ஆர். வில்சன். 1894இல் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலை உச்சியில் மேகங்களைப் பார்த்து வியந்து, அவற்றை ஆய்வகத்தில் உண்டாக்க முயன்றார். அந்த முயற்சியில் பிறந்ததுதான் முகில் அறை, கண்ணுக்குத் தெரியாத மின்னூட்டத் துகள்களின் தடத்தைக் காட்டும் கருவி. 1927இல் நோபல்.

படி 3: ஆட்சியாளர்களுக்குப் பதவிக் காலம்

இது சுலபம். உட்ரோ வில்சன், அமெரிக்க அதிபர், 1913–1921. ஹரால்ட் வில்சன், பிரிட்டன் பிரதமர், 1964–70, மறுபடி 1974–76. அப்புறம் நம் தேர்வுகளுக்கு வேண்டியவர் ஜேம்ஸ் வில்சன்: 1860இல் இந்தியாவில் வருமான வரியைக் கொண்டுவந்தவர். அதே ஆண்டு கல்கத்தாவில் இறந்துபோனார். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஜேம்ஸ் வில்சன் வேறு ஆள்.

படி 4: பெயர் ஒட்டிக்கொண்ட பொருள்களைத் தனியாக எழுதுங்கள்

உடலில் தாமிரம் சேரும் வில்சன் நோய், 1912இல் அதை விவரித்த நரம்பியல் மருத்துவர் கின்னியர் வில்சனின் பெயரால் வந்தது. பகா எண்கள் பற்றிய வில்சன் தேற்றம் ஜான் வில்சனுடையது. ஆனால் நிறுவியவர் லக்ராஞ்சி. எட்வின் ஹபிள் வேலை செய்த மவுண்ட் வில்சன் வானாய்வகத்தைப் பார்த்ததும் யாரோ வானியலாளர் என்று எழுதிவிடாதீர்கள். அந்த மலைக்குப் பெயர் தந்த பெஞ்சமின் வில்சன், லாஸ் ஏஞ்சலஸ் நகர மேயராக இருந்தவர்.