புதையல் என்று சொல்லாதீர்கள்: திருகோணமலையில் ஜியோகேஷிங் தொடங்குபவர்கள் விடும் பிழைகள்

ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்து வைத்து அந்த இடத்தின் ஜீபிஎஸ் எண்களை இணையத்தில் போடுவார், மற்றவர்கள் அந்த எண்களை வைத்துத் தேடிப் போவார்கள்; இதுதான் ஜியோகேஷிங். இந்த விளையாட்டைத் தமிழில் விளக்க வருகிறவர்கள் முதலில் எடுக்கும் சொல் 'புதையல் வேட்டை'. நானும் அப்படித்தான் தொடங்கினேன். உப்புவெளிப் பக்கம் ஒரு ஒழுங்கையில், மதிலோரம் குனிந்து கல்லிடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுத் திண்ணையில் இருந்த ஐயா ஒருவர், "என்ன தம்பி, திறப்பைத் துலைச்சுப்போட்டீரோ?" என்று கேட்டார். "இல்லை ஐயா, புதையல் தேடுறன். ஜியோகேஷிங் எண்டு ஒரு விளையாட்டு" என்றேன். அவர் காதில் விழுந்தது இரண்டு சொல்தான்: புதையல், காசு. இரண்டு நாள் கழித்துப் போனால் அந்த மதிலடியில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. டப்பாவும் இல்லை.

குழி தோண்டியவர்களில் எனக்குக் கோபமில்லை, பிழை என்னுடையது. 'புதையல் தோண்டியவர்கள் கைது' என்பது நம் பத்திரிகைகளில் அடிக்கடி வரும் செய்தி. இந்த நாட்டில் அது விளையாட்டில்லை, தொல்பொருள் சட்டத்தின் கீழ் வழக்கு. கோட்டையும் பழைய கோவில்களும் இத்தனை நிறைந்த ஊரில், கையில் போனோடு நின்று 'புதையல்' என்று வாய்விட்டுச் சொல்வது தானாகப் போய் வம்பில் மாட்டுவதுதான். யாராவது கேட்டால் "போனில் ஒரு விளையாட்டு, ஒளித்து வைத்த டப்பாவைக் கண்டுபிடித்துப் பெயர் எழுத வேண்டும், உள்ளே பெறுமதியாக ஒன்றும் இல்லை" என்று சொல்லுங்கள். உண்மையும் அவ்வளவுதான். பெயரில் உள்ள 'கேஷ்' காசும் இல்லை. ஒளித்து வைப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது அது.

தோண்டுவதற்கு இந்த விளையாட்டில் இடமே இல்லை. 2000 மே மாதம் வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ஜீபிஎஸ் சமிக்ஞையை வேண்டுமென்றே குழப்பி வைத்திருந்தது. நூறு மீற்றர் வரை பிழை காட்டும். அந்த மே 2ஆம் திகதி குழப்பத்தை நிறுத்தினார்கள். மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஒரேகன் மாநிலத்துக் காட்டில் ஒரு கறுப்பு வாளியை வைத்து, இருக்கும் இடத்தை இணையத்தில் அறிவித்தார். விளையாட்டு தொடங்கியது அப்படித்தான். அந்த வாளி பாதி மண்ணுக்குள் இருந்தது, உள்ளே ஒரு சாப்பாட்டுத் தகரமும் கிடந்தது. இன்றைய விதிப்படி இரண்டுமே கூடாது! ஆகவே எண்கள் காட்டும் இடத்தில் மண்ணைத் தவிர ஒன்றும் தெரியவில்லை என்றால் மண்வெட்டி தேடாதீர்கள். டப்பா வேறெங்கோ, பெரும்பாலும் இடுப்புயரத்தில் ஒரு பொந்திலோ வேரிடுக்கிலோ இருக்கும்.

எண்களை வாசிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. இந்த விளையாட்டில் அகலக்கோடு, நெடுங்கோடு இரண்டையும் பாகை, அதன் பின் தசமத்தோடு நிமிடம் என்று எழுதுவார்கள். உதாரணமாக 8 பாகை 34.500 நிமிடம் வடக்கு, 81 பாகை 14.000 நிமிடம் கிழக்கு என்றால் அது நம் ஊர்ப் பக்கம். இதையே போன் வரைபடத்தில் 8.34500, 81.14000 என்று அடித்தால் வரைபடம் மறுப்புச் சொல்லாது, நல்ல பிள்ளையாக உங்களைத் தென்மேற்கே 27 கிலோமீற்றருக்கு மேல், கந்தளாய்த் திசையில் கொண்டுபோய் விடும். இன்னொரு விதமாக, 34.500 நிமிடத்தை 34 நிமிடம் 50 செக்கன் என்று எடுத்தால் 600 மீற்றர் வடக்கே தள்ளிவிடும். மூன்று பக்கம் தண்ணீர் உள்ள ஊரில் 600 மீற்றர் என்பது பல வேளை கடல். விளையாட்டுக்கான செயலியையே பயன்படுத்தினால் இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் பல கட்டமாகத் தேடும் பெட்டிகளில் அடுத்த இடத்தின் எண்ணை நீங்களே கணக்குப் போட்டு அடிக்க வேண்டி வரும். அங்கேதான் ஆட்கள் விழுவார்கள்.

அப்புறம் அந்த அம்புக்குறி. போனில் அம்பு நேராகக் காட்டும், தூரமும் நேர்கோட்டுத் தூரம். திருகோணமலையில் நேர்கோடு என்று ஒன்று கிடையாது. உட்துறைமுகத்தின் கரை கை விரித்ததுபோல் வளைந்து வளைந்து போகிறது. எதிர்க்கரையில் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்குத் தரைவழி பல கிலோமீற்றர் சுற்ற வேண்டும், நடுவில் கடற்படை வேலியும் வரலாம். 2009இல் பாலம் திறக்கும் வரை கிண்ணியாவுக்குப் படகுப் பாதையில் போனவர்களுக்கு 'அந்தா தெரியுது' என்பதற்கும் 'போய்ச் சேருவது' என்பதற்கும் உள்ள வித்தியாசம் நன்றாகத் தெரியும். வீட்டிலேயே வரைபடத்தைத் திறந்து எந்த வீதியால், எந்த ஒழுங்கையால் கிட்டப் போகலாம் என்று பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

நேர்கோட்டில் போகக்கூடாது என்பதற்கு இன்னும் கனத்த காரணம் ஒன்று இருக்கிறது. போர் நடந்த மாவட்டம் இது. மிதிவெடி அகற்றும் வேலை வடக்கு கிழக்கில் எத்தனையோ ஆண்டுகளாக நடந்து வருகிறது. ஆள் நடமாட்டமில்லாத பற்றைக்குள், பழைய காவலரண் பக்கம், கைவிட்ட வளவுகளுக்குள் அம்பு காட்டுகிறதே என்று குறுக்கே இறங்கக் கூடாது. ஊர்ச் சனம் நடக்கும் தடம் எதுவோ அதுதான் உங்கள் தடம். சிவப்பு மண்டையோட்டுப் பலகை ஒன்றைக் கண்டால் நின்ற இடத்திலிருந்து வந்த காலடியிலேயே திரும்புங்கள். தெரியாத உலோகப் பொருள் எது கிடந்தாலும் தொடாமல் பொலிசுக்குச் சொல்லுங்கள். ஒரு டப்பாவுக்காக எடுக்கக்கூடிய துணிவில்லை இது.

சரி, இடத்துக்குப் போய்விட்டீர்கள். போன் '0 மீற்றர்' என்கிறது, டப்பா இல்லை. புதியவர்கள் இப்போது செய்வது ஒரு நடனம்: இரண்டடி வலது, மூன்றடி இடது, அம்பு சுழலச் சுழலத் தாங்களும் சுழல்வது. திறந்த வானத்தின் கீழேயே நல்ல போனுக்கு ஐந்து மீற்றர் அளவில் பிழை உண்டு. ஒளித்தவரின் போனுக்கும் அதே பிழை உண்டு. பக்கத்தில் மலைச்சுவரோ உயர்ந்த கட்டடமோ இருந்தால் சமிக்ஞை பட்டுத் தெறித்து இன்னும் மோசமாகும். எண்ணின் கடைசி இலக்கம் ஒன்று மாறினாலே கிட்டத்தட்ட 1.85 மீற்றர். ஆகவே பத்து மீற்றருக்குள் வந்ததும் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுச் சுற்றிப் பாருங்கள். நான் ஒளிப்பதாக இருந்தால் எங்கே ஒளிப்பேன்? எந்தக் கல் தானாக விழுந்ததுபோல் இல்லாமல் வைத்ததுபோல் இருக்கிறது? எந்தத் தூணில் ஆணி ஒன்று கூடுதலாக இருக்கிறது? என் அனுபவத்தில் டப்பாக்களைக் கண்டுபிடித்தது போனில்லை, இந்தக் கேள்விகள்தான்.

பொந்துக்குள் கையை விடாதீர்கள். முதலில் தடியால் தட்டுங்கள், போன் வெளிச்சம் அடியுங்கள். கண்ணாடி விரியனும் தேளும் நம் கற்குவியல்களில் நிரந்தரக் குடியிருப்பாளர்கள்.

ஆனால் பாம்பை விட அதிகம் கவனிக்க வேண்டியது மனிதர்களை. இந்த விளையாட்டு பிறந்த நாடுகளில் ஒருவர் பூங்கா வாங்கின் அடியைத் தடவிக்கொண்டிருந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இங்கே நாலு பேர் நின்று பார்ப்பார்கள், ஐந்தாமவர் போன் எடுப்பார். அவர்களில் பிழையில்லை. இடுக்குகளில் எதையோ வைப்பவர்களைச் சந்தேகிக்கச் சொல்லியே முப்பது வருடம் பழக்கப்பட்ட சனம் நாங்கள். கோணேசர் கோவிலுக்குப் போகும் பாதையே பிரட்றிக் கோட்டை வாசலால்தான் போகிறது. உள்ளே மான்களும் திரியும், படையினரும் இருப்பார்கள். பாதையில் நடந்து கோவிலுக்குப் போய் வரலாம், இராவணன் வெட்டைப் பார்க்கலாம், படமெடுக்கலாம். ஆனால் அந்தச் சுவர்க் கற்களை வருடிப் பார்ப்பதோ பக்கப் பாதைகளில் இறங்குவதோ கூடாது. படைமுகாம், விமான நிலையம், ரயில்பாதை, பாடசாலை போன்றவற்றுக்கு அருகே ஒளிப்பதை விளையாட்டின் விதிகளே கட்டுப்படுத்துகின்றன. ஆகவே அம்பு ஒரு முகாம் வேலிக்குள் காட்டினால் எண்ணை எங்கோ பிழையாக அடித்திருக்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். யாராவது வந்து கேட்டால் ஓடவும் மறைக்கவும் வேண்டாம், செயலியைத் திறந்து காட்டுங்கள். தனியாகப் போவதைவிடத் தங்கச்சியையோ பிள்ளைகளையோ கூட்டிக்கொண்டு போனால் கேள்விகள் பாதியாகக் குறையும் என்பது நான் கண்ட உண்மை.

எந்தப் பெட்டியை முதலில் தேடுவது என்பதிலும் அவசரம் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண் இருக்கும்: தேடும் கடினம், நிலத்தின் கடினம். இரண்டும் 1 முதல் 5 வரை. நிலம் 5 என்றால் படகோ கயிறோ சுழியோடும் கருவியோ வேண்டும் என்று பொருள், தெம்பு இருந்தால் போதும் என்று பொருளில்லை. அளவையும் பாருங்கள். மிகச் சிறியது சுண்டுவிரல் நுனி அளவுதான், காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் நாளே அதைத் தேடினால் விளையாட்டே வெறுத்துவிடும். இலங்கையில் பெட்டிகள் ஐதாகத்தான் இருக்கின்றன. ஆகவே கடைசியாக யார், எப்போது கண்டார் என்ற குறிப்பை வாசிக்காமல் பெற்றோல் செலவழிக்காதீர்கள். கடைசி மூன்று பேர் 'கிடைக்கவில்லை' என்று எழுதியிருந்தால் உங்களுக்கும் பெரும்பாலும் கிடைக்காது. பணம் கட்டாத கணக்கில் செயலி எல்லாவற்றையும் காட்டாது என்பதும் நினைவிருக்கட்டும். இணையத்தளத்தில் கூடுதலாகத் தெரியும்.

டப்பாவே இல்லாத ஒரு வகையும் உண்டு. எர்த்கேஷ் என்பார்கள். ஓர் இடத்தின் நிலவியலைப் பார்த்து, கேட்ட கேள்விகளுக்கு விடை எழுதி அனுப்ப வேண்டும். ஏழு கிணறும் ஏழு சூடாக இருக்கும் கன்னியா வெந்நீரூற்று மாதிரி இடங்களுக்கென்றே செய்த வகை. எதையும் ஒளிக்காததால் யாருக்கும் சந்தேகமும் வராது. நம் ஊருக்கு மிகவும் பொருந்துவது இதுதான் என்பது என் கட்சி.

பேனை கொண்டு போங்கள். சிரிக்காதீர்கள், எல்லோரும் மறப்பது இதைத்தான். தாளில் பெயர் எழுதாமல் இணையத்தில் 'கண்டேன்' என்று போட்டால் அது கணக்கில்லை. உள்ளே உள்ள சின்னப் பொருளை எடுத்தால் அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ ஒன்றை வையுங்கள். டொபி, பிஸ்கட் வைத்தால் எறும்புக்கும் குரங்குக்கும் அழைப்பிதழ் வைத்த மாதிரி. கத்தி, தீப்பெட்டி, மதுபானம் கூடாது. இலக்கம் பொறித்த தகடு ஒன்று கிடந்தால் அது பயணத் தகடு. பெட்டிக்குப் பெட்டி நகர வேண்டியது, உங்கள் திறப்புக் கொத்தில் தொங்க வேண்டியதில்லை. அதன் இலக்கம் தெரியப் படமெடுத்துப் போடவும் கூடாது. டப்பாவை எடுத்த இடத்தில், எடுத்த மாதிரியே வையுங்கள். 'இங்கே வைத்தால் இன்னும் நல்லா மறையுமே' என்று இரண்டடி தள்ளி வைப்பவர்களால்தான் அடுத்தவர் ஒரு மணித்தியாலம் வெயிலில் காய்கிறார். கிடைக்காவிட்டால் 'கிடைக்கவில்லை' என்று வெட்கப்படாமல் பதியுங்கள். ஒளித்தவருக்கு அந்தத் தகவல் வேண்டும்.

நாலு டப்பா கண்டதும் சொந்தமாக ஒன்று வைக்க ஆசை வரும். பொறுங்கள், ஓர் இருபது டப்பாவாவது கண்டுபிடித்துப் பாருங்கள். வைப்பதற்கு விதிகள் உண்டு: இன்னொரு பெட்டியிலிருந்து குறைந்தது 161 மீற்றர் தூரம், நிலத்துக்கு உரியவரின் அனுமதி, தொடர்ந்து பராமரிக்க முடிகிற தூரம். லண்டனில் இருந்து லீவுக்கு வந்த மச்சான் ஒன்றை வைத்துவிட்டுப் போவது சரிவராது, பொறுப்பேற்க ஊரில் ஓர் ஆள் வேண்டும். புறாத்தீவு தேசிய பூங்கா, அங்கே பவளத்தையும் கல்லையும் தொடுவதை நினைக்கவே வேண்டாம்.

எதில் வைப்பது என்பதுதான் இங்கே பெரிய விஷயம். வெளிநாட்டில் இராணுவத்தின் பழைய தோட்டாப் பெட்டிதான் பெரிய மதிப்பு, தண்ணீர் புகாது என்று. அதை இங்கே ஒரு மதகுக்குக் கீழ் வைத்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கறுப்பு டேப் சுற்றிய பீவீசீ குழாயும் அதே கதைதான். வெளிநாடுகளிலேயே வெடிகுண்டு என்று நினைத்து இத்தகைய டப்பாக்களைப் படை வந்து உடைத்ததுண்டு. உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் டப்பா, இறுகப் பூட்டும் மூடி, மேலே தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் 'இது ஒரு விளையாட்டுப் பெட்டி, ஆபத்தில்லை' என்று ஓர் ஒட்டுத்தாள். இரும்பு வேண்டாம், நம் கடற்காற்று ஒரு வருடத்தில் தின்றுவிடும்.

என் பெட்டி இப்போது ஒரு தேத்தண்ணிக் கடைக்காரரின் வளவில், அவர் அனுமதியோடு இருக்கிறது. எங்கே என்று சொன்னால் விளையாட்டுக் கெட்டுவிடும். ஊரார் யாராவது கேட்டால் பதில் சொல்ல அவர் இருக்கிறார், அவருக்கும் நாலு பிளேன்ரீ கூடுதலாக விற்கிறது. ஒவ்வொரு வருடமும் மாரி மழை விட்டதும் போய்த் திறந்து பார்த்து, நனைந்த தாளை எடுத்துவிட்டுப் புதிய கொப்பித்துண்டு ஒன்று வைத்துவிட்டு வருவேன். போன தடவை உள்ளே யாரோ ஒரு கச்சான் பொட்டலம் வைத்திருந்தார்கள்.