சிக்னல் விளக்கு நிரல் கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிரல் ஏற்றி இயக்கும் சிறிய மின்னணு போர்டான அர்டுயினோ ஊனோவில் மூன்று எல்இடி வைத்துப் போக்குவரத்து சிக்னல் செய்வது மாணவர்களுக்கு நல்ல தொடக்கம். ஆனால் போர்டு இல்லாமலே கணினியில் இயக்கிப் பார்க்கும் சிமுலேட்டரில் ஓடியதுமே மதிப்பெண் போட்டுவிடக் கூடாது. சிமுலேட்டர் மன்னிக்கும் பிழைகளை நிஜ போர்டு மன்னிக்காது.

மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். வோக்வி என்ற சிமுலேட்டரில் அது இல்லாமலும் எல்இடி எரியும். நிஜத்தில் போர்டின் ஒரு பின்னில் (வயர் இணைக்கும் முனை) 20 மில்லி ஆம்பியருக்குள் இருப்பதே நல்லது. 40ஐத் தாண்டினால் சிப்பே கெடலாம். பின் தரும் 5 வோல்ட்டில் சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 3 வோல்ட்டை 220 ஓமால் வகுத்தால் ஏறத்தாழ 14 மில்லி ஆம்பியர். இந்தக் கணக்கை மாணவரே போடட்டும். மூன்று எல்இடிக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போட விடாதீர்கள். இரண்டு சேர்ந்து எரியும்போது ஒன்று மங்கும்.

0, 1 பின்களைத் தொட வேண்டாம். யூஎஸ்பி வழியே நிரல் ஏறுவது அந்த வழியில்தான். எல்இடி ஒழுங்காக எரியாமல் மினுக்கென்று மட்டும் தெரிந்தால் வயரைப் பிடுங்கும் முன் அந்தப் பின்னை அவுட்புட் என்று அறிவிக்கும் 'பின்மோடு' வரி இருக்கிறதா என்று பாருங்கள். அது விடுபட்டால் சிப்புக்குள் பின்னை 5 வோல்ட்டோடு இணைக்கும் புல்அப் ரெசிஸ்டர் வழியாகக் கொஞ்சம் மின்சாரம்தான் கசியும்.

அதிகம் தடுக்கி விழும் இடம் 'டிலே', அதாவது நிரலைக் குறிப்பிட்ட நேரம் நிறுத்தி வைக்கும் கட்டளை. பச்சை 5 நொடி, மஞ்சள் 2 நொடி என்று எழுதிவிட்டு, சிவப்பை ஏற்றி அணைக்கும் இரண்டு வரிகளுக்கு நடுவே டிலே போட மறந்துவிடுவார்கள். சிவப்பு எரிந்த கணமே அணைந்துவிடும், கண்ணுக்கே தெரியாது. மாணவர் எல்இடி போய்விட்டது என்று மாற்றிக்கொண்டிருப்பார்.

பாதசாரி பட்டன் சேர்த்ததும் டிலேயை விட்டுவிட வேண்டும். 5 நொடி டிலே ஓடும்போது பட்டனை அழுத்தி விட்டுவிட்டால் நிரலுக்கு அது தெரியாது. இப்போது எந்த விளக்கு, அது எப்போது எரியத் தொடங்கியது என்று இரண்டு மாறிகளில் வைத்துக்கொண்டு, நிரலின் ஒவ்வொரு சுற்றிலும் 'மில்லிஸ்' மதிப்போடு (நிரல் தொடங்கியதிலிருந்து கடந்த மில்லி நொடிகள்) ஒப்பிடச் சொல்லுங்கள். முதலில் இந்த நிலைகளைத் தாளில் வட்டங்களாக வரையச் செய்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பட்டன் பின்னை வெறுமனே 'இன்புட்' என்று விட்டால் கை அருகே போனாலே அது தானாக மாறும். 'இன்புட்_புல்அப்' போட்டு, பட்டனின் மறுமுனையை கிரவுண்டில் இணைக்க வேண்டும். அழுத்தினால் வருவது 'லோ', 'ஹை' அல்ல. இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

மில்லிஸ் தரும் நேரத்தை 'இன்ட்' என்ற சிறிய முழு எண் மாறியில் வைப்பது இன்னொரு பொறி. ஊனோவில் அது 32,767 வரைதான் தாங்கும். முதல் அரை நிமிடம் சிக்னல் அழகாக ஓடும். அதன்பின் மூன்று விளக்கும் ஒரே சமயத்தில் மங்கலாக எரிவதுபோல் தெரியும். பெரிய எண்களைத் தாங்கும் 'அன்சைன்ட் லாங்' வகை போட்டால் தீர்ந்தது. மதிப்பெண் போடும் முன் ஒவ்வொரு நிரலையும் குறைந்தது 2 நிமிடமாவது ஓடவிட்டுப் பாருங்கள்.