ஷெல் ஸ்கிரிப்ட்ல ரெண்டு ஸ்ட்ரிங் ஒண்ணுதானான்னு சரியா பாக்குறது எப்படி

பெங்களூருல எங்க டீம்ல ஓசூர்ல இருந்து தினம் பஸ்ல வந்து போற தம்பி ஒருத்தன், போன வாரம் ஒரு ஸ்கிரிப்ட எடுத்துட்டு வந்தான். ஸ்டேஜிங்ல, அதாவது டெஸ்ட் பண்ற சர்வர்ல மட்டும் ஓட வேண்டிய கிளீனப், எந்த சர்வர் பேர குடுத்தாலும் ஓடுது, எரரும் வரலண்ணான்னு சொன்னான். தொறந்து பாத்தா இப்படி இருக்கு:

[ "$1"="ஸ்டேஜிங்" ]

$1ன்னா ஸ்கிரிப்ட ஓட்டும்போது முதல்ல குடுக்குற வார்த்தை, இங்க சர்வர் பேரு. சமக்குறிக்கு ரெண்டு பக்கமும் ஸ்பேஸ் இல்ல. அப்போ ஷெல்லுக்கு அது கம்பேரே கிடையாது, ஒட்டிப்போன ஒரே வார்த்தை, வார்த்தை காலியா இல்லேன்னா உண்மைன்னு எடுத்துக்கும். எரர் வந்தா கூட பரவால்ல, சத்தமில்லாம தப்பா ஓடுறதுதான் எனக்கு பயம். இப்படி எழுதுங்க:

[ "$1" = "ஸ்டேஜிங்" ]

அந்த சதுர பிராக்கெட்டே ஒரு கமாண்டுதான், அதனால அதுக்கு அப்புறமும் ஸ்பேஸ் கட்டாயம். கோட்ஸையும் விட்டுடாதீங்க, $1 காலியா வந்தா [ = "ஸ்டேஜிங்" ] மட்டும்தான் மிஞ்சும், ஷெல் முழிக்கும்.

ரெட்டை சமக்குறி (==) பாஷ்ங்கிற ஷெல்ல ஓடும். ஆனா உபுண்டுல 2006லயே, 6.10 வெர்ஷன்ல, எஸ்ஹெச்னு (sh) கூப்பிட்டா டாஷ்ங்கிற இன்னொரு ஷெல் ஓடுற மாதிரி மாத்திட்டாங்க, அதுல எரர் வரும். ஒத்த சமக்குறி போட்டா ரெண்டுலயும் ஓடும்.

பாஷ்ல [[ $1 = $2 ]] எழுதினா வலது பக்கத்த பேட்டர்னா பாக்கும், $2ல வெறும் * இருந்தா எதுவும் மேட்ச் ஆகிடும், அதனால "$2"ன்னு கோட்ஸோட போடுங்க. ஒத்த பிராக்கெட்டுக்குள்ள > போடவே போடாதீங்க, பெருசா சின்னதான்னு பாக்காது, அதுக்கு வலது பக்கம் இருக்கற பேர்ல ஃபைல் இருந்தா அத காலி பண்ணிடும்.

தமிழ் ஸ்ட்ரிங்ல இன்னொன்னு இருக்கு. அல்சூர்ல எங்க பொங்கல் விழாவுக்கு பேர் குடுத்தவங்கள ஏரியா வாரியா பிரிச்சப்போ "கோரமங்களா"ல பாதி பேர் வரவே இல்ல, கண்ணுக்கு எல்லாம் ஒரே எழுத்துதான். விஷயம் என்னன்னா யூனிகோட்ல "கோ"வோட குறிய ஒரே கோடாவும் எழுதலாம், ரெட்டைக்கொம்பு, அதோட காலுன்னு ரெண்டு கோடாவும் எழுதலாம். யூடிஎஃப்-8ல முதலாவது 6 பைட், அடுத்தது 9 பைட். ஷெல் பைட்டத்தான் பாக்குது, ரெண்டும் வேற வேறன்னு சொல்லிடும். அதனால கம்பேர் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு பக்கத்தையும் யூகான்வ் மாதிரி ஒரு டூல்ல குடுத்து என்எஃப்சிக்கு, அதாவது ஒரே கோடா சேத்து எழுதுற வடிவத்துக்கு மாத்திக்கோங்க. விண்டோஸ்ல சேவ் பண்ண ஃபைல்னா வரி கடைசில கேரேஜ் ரிட்டர்ன்னு கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிட்டு வரும், அதையும் அப்பவே எடுத்துடுங்க.